கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டதா?

என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) குழந்தையை விட்டிருக்கும் பெற்றோர்களே, டாக்டர் வாய்வழியாகச் சொன்ன அனுமதியை நம்பாதீர்கள். கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

எங்கள் பெண் 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். வென்டிலேட்டர் சீக்கிரம் கழன்று, மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபாப்புக்கு மாறினாள். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "நல்லாத்தான் இருக்கா, கங்காரு ஆரம்பிச்சிடலாம்" என்றார். குழந்தையை நம் மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்து வைத்திருப்பதுதான் கங்காரு. மதியம் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையோடு போய் நின்றால் ஷிப்ட் மாறியிருந்தது. "ஆர்டர் எதுவும் இல்லையேம்மா. மூக்குல டியூப் இருக்கும்போது எப்படி வெளிய எடுக்கறது?" என்றார் சிஸ்டர். டியூட்டி டாக்டரோ, பெரிய டாக்டர் வரட்டும் என்றார். அவர் அன்று திரும்ப வரவில்லை.

கோபம் இன்னும் ஆறவில்லை. 1978-ல் பொகோடாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கிய முறை இது. பிறந்தபின் கூடியவரை சீக்கிரம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்திருக்கிறது. குழந்தை நிலையாக இருந்தால் சிபாப் ஒரு தடையே இல்லை.

மறுநாள் ரவுண்ட்ஸில் வாதாடவில்லை. "சார், ஆர்டரா எழுதிடுங்களேன், எவ்வளவு நேரம்னும் சேர்த்து" என்றேன். எழுதினார். முந்தின நாள் மறுத்த அதே சிஸ்டர்தான் சாய்வு நாற்காலி போட்டு, டியூபை என் சட்டையில் டேப் ஒட்டிக் கொடுத்தார். உட்காரும் முன் பாத்ரூம் போய்விடுங்கள். தூக்கி மாற்றுவதே குழந்தைக்கு ஒரு அலைச்சல். ஒரு மணி நேரமாவது எழுந்திருக்காமல் இருந்தால்தான் அது வீண்போகாது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "ஐயோ, கொட்டாவி விடுது பாரு!" என்று கொஞ்சினார்கள். கொட்டாவி, விக்கல், விரல்களை விரித்து நீட்டுவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் "போதும், விடுங்க" என்று அது சொல்வதாகவும் இருக்கலாம். மூளையின் மடிப்புகள் உருவாகும் வாரங்கள் இவை. இந்தச் சமயத்தில் வலியும் பதற்றமும் அடுக்கடுக்காக வந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பதால்தான் இத்தனை பாடு.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது பெற்றோரை வெளியே போகச் சொன்னார்கள். நிற்கிறேன் என்று கேட்டு நின்றேன். ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய கால்களில், அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். நாக்கில் துளி தாய்ப்பாலும் விட்டார்கள். அன்று மானிட்டர் அலாரம் அடிக்கவில்லை! தடவிக்கொடுக்காதீர்கள், இந்தப் பிஞ்சுத் தோலுக்கு அது உறுத்தல். டயப்பர், வெப்பம் பார்ப்பது, ரத்தம் எல்லாவற்றையும் கூடுமானவரை ஒரே சமயத்தில் முடித்துவிட்டுத் தூங்கவிடச் சொல்லுங்கள். ஆனால் நடுவில் சோர்ந்தால் நிறுத்தவும் சொல்லுங்கள்.

சத்தம் பெரிய தலைவலி. 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது வெகுநாளைய அளவுகோல். இன்குபேட்டர் கதவைப் பட்டென்று சாத்தினாலே உள்ளே அதைவிட எவ்வளவோ அதிகம். அதன் மேலேயே கேஸ் ஷீட்டை வைத்து எழுதுகிறவர்களும் உண்டு. "மெதுவா சிஸ்டர், தூங்கறா" என்றால் பெரும்பாலும் கேட்டார்கள்.

இன்குபேட்டரை இருட்டாக்கத் துணி போர்த்தக் கேட்டதற்கு மட்டும், குழந்தையின் நிறம் மாறினால் தெரியாது என்று மறுத்தார்கள். கடைசியில் பாதி மூடலாம் என்று பேரம் படிந்தது. வேலை நடக்கும்போது எடுப்பார்கள்; திரும்பப் போட நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.