24 மணி நேரச் சிறுநீர்

என் மகளுக்கு 8 வயதில் சிறுநீரகக் கல் இருப்பது தெரிய வந்தபோது, அதற்கு முந்தைய மூன்று மாதங்களாக அவள் சொல்லி வந்த வயிற்றுவலியை நாங்கள் எவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான் முதலில் என்னை வருத்தியது. பெரியவர்களுக்கு வருவதுபோல் விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலியாக அது இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக் காட்டுவாள், சில நாள் வாந்தி எடுப்பாள், சற்று நேரத்தில் விளையாடப் போய்விடுவாள். பூச்சி மருந்து கொடுத்தோம். பள்ளிக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாளோ என்றுகூட ஐயப்பட்டோம். ஒரு நாள் சிறுநீர் செம்பழுப்பாகப் போன பிறகே மருத்துவரிடம் ஓடினோம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், இடது சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையைச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே 4 மி.மீ. கல் தெரிந்தது. கதிர்வீச்சு இல்லாத இந்த ஸ்கேனையே குழந்தைகளுக்கு முதலில் எடுப்பார்கள் என்றும், இதில் தெளிவு கிடைக்காவிட்டால்தான் சி.டி. ஸ்கேனை யோசிப்பார்கள் என்றும் மருத்துவர் விளக்கினார். கல் சிறியது, தொற்றும் இல்லை; ஆகவே வலி மருந்தோடும் நிறையத் தண்ணீரோடும் சில வாரங்கள் காத்திருக்கலாம் என்றார். ஆனால் காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் வந்துவிட வேண்டும், அடைப்பும் தொற்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சிறுநீரை வலைவடிகட்டியில் வடித்துப் பார்த்தோம். 17ஆம் நாள், மிளகைவிடச் சிறியதாக, சொரசொரப்பான ஒரு பழுப்புத் துணுக்கு வடிகட்டியில் தங்கியது. அதைச் சோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் கல், அதாவது கால்சியமும் ஆக்சலேட் என்ற கழிவுப்பொருளும் சேர்ந்து உறைந்த கல் என்று வந்தது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் குழந்தைக்குக் கல் வந்தால் அதற்குப் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் திரும்பவும் வரும் என்று மருத்துவர் சொன்னார். ஆறு வாரம் கழித்து 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவரச் சொன்னார். கேட்கும்போது எளிதாகத் தோன்றிய இந்த வேலையில்தான் நாங்கள் தடுமாறினோம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும்; அதற்குப் பிறகு போவதையெல்லாம், மறுநாள் காலை அதே நேரத்து முதல் சிறுநீர் உட்பட, ஒரு சொட்டும் விடாமல் சேர்க்க வேண்டும். ஆய்வகம் தந்த புட்டியில் முன்னரே அமிலம் இருந்ததால், குவளையில் பிடித்துப் பெரியவர்களே ஊற்ற வேண்டியிருந்தது. விடுமுறை நாளில் தொடங்கினோம். மாலையில் குளிக்கப் போனவள் பழக்கத்தில் அங்கேயே போய்விட்டாள். திட்டுவோம் என்று பயந்து சொல்லவில்லை. தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின் அவள் எடைக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்ததை வைத்து, சேகரிப்பு முழுமையாக இல்லை என்று மருத்துவர் கண்டுகொண்டார். அவளிடம் கோபப்படாமல் மறுபடியும் செய்யுங்கள் என்றார். அந்தச் சொல்லுக்கு நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

இரண்டாம் முறை சரியாக அமைந்தது. 24 கிலோ எடையுள்ள அவளுக்கு ஒரு நாளில் 96 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வெளியேறக் கூடாது, அதாவது கிலோவுக்கு 4 மில்லிகிராம், வெளியேறியதோ 150. உப்பிலிருந்து வரும் சோடியமும் மிகுதி, சிறுநீரின் அளவோ 550 மி.லி. மட்டுமே. பள்ளி நாளிலும் இவ்வளவு குறைவாகத்தான் தண்ணீர் குடிப்பாயா என்று மருத்துவர் கேட்டபோது, பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எந்தப் பரிசோதனையும் எங்களுக்குக் காட்டாத காரணம் அது.

கால்சியம் என்றதும் வீட்டில் பாலை நிறுத்தச் சொன்னார்கள். மருத்துவர் அதை உறுதியாக மறுத்தார்: வளரும் எலும்புக்குக் கால்சியம் வேண்டும், அதோடு, உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால், பாலைக் குறைத்தால் சிறுநீரில் ஆக்சலேட் கூடவும் கூடும். குறைக்க வேண்டியது உப்பு. சிறுநீரில் சோடியம் மிகுந்தால் கால்சியமும் அதோடு சேர்ந்து போகும். என் தந்தைக்கும் கல் வந்ததுண்டு என்பதைக் குறித்துக்கொண்டார். கல் மறுபடி உருவாகாமல் தடுக்க உதவும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

பள்ளியில் எழுதிக் கொடுத்துக் கேட்டோம். தாழ்ப்பாள் போட்டுத் தந்தார்கள், வகுப்பு நேரத்திலும் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் அனுமதித்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த சேகரிப்பில் மணியையெல்லாம் அவளே ஒரு தாளில் எழுதி வைத்தாள். கால்சியம் 88, சிறுநீர் 1,200 மி.லி. ஸ்கேனில் கல் இல்லை. அடுத்த ஸ்கேன் இன்னும் ஆறு மாதத்தில்.