பிரமாண் ஐடி வந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

அம்மாவுக்கு வருவது பி.எப். பென்ஷன், மாதம் ஆயிரம் ரூபாய். 2014-ல் குறைந்தபட்சத் தொகை என்று நிர்ணயித்தார்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் ஆயுசு பூரா காபிப் பழம் பறித்தவருக்கு இன்றும் அதே ஆயிரம்தான். அந்த ஆயிரமும் ஜனவரியில் வரவில்லை. வங்கியில் போய்க் கேட்டால், "லைஃப் சர்டிபிகேட் குடுத்திருக்க மாட்டீங்க, அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

லைஃப் சர்டிபிகேட் என்பது பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் கொடுக்கும் சான்று. அதைக் கொடுத்திருந்தோம் என்பதுதான் எரிச்சலே. டிசம்பரில் அம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தும் அம்மாவுக்குத் தலைசுற்றல் அடங்கவில்லை. அங்கிருந்த பையன் கைரேகைக் கருவியைத் தள்ளி வைத்தான். வலது கட்டைவிரல் ஏறவில்லை. இடதும் ஏறவில்லை. காபியும் மிளகும் பறித்த கை, ரேகை எங்கே இருக்கும்? "நல்லா அழுத்துங்க பாட்டி" என்று அவன் குரல் உயர உயர, அம்மா விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இடது மோதிர விரல் எப்படியோ பிடித்துக்கொண்டது. பிரமாண் ஐடி, அதாவது கணினி வழியாக எடுத்த அந்தச் சான்றின் எண், போட்ட தாளைக் கையில் கொடுத்து, காசை வாங்கிப் போட்டுக்கொண்டான். வேலை முடிந்தது என்று வந்துவிட்டோம்.

பி.எப். அலுவலகத்தில் இருந்த அம்மணிதான் விஷயத்தை அவிழ்த்தார். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு எதுவுமே வரலையே, அந்தத் தாளைக் காட்டுங்க" என்றார். பென்ஷன் அனுமதிக்கும் துறை என்ற கட்டத்தில் பி.எப். அலுவலகத்துக்குப் பதிலாக மாநில அரசைத் தட்டிவிட்டிருந்தான் அந்தப் பையன். பாவம், அவசரம். ஆனால் அதைவிட மோசம், செல்போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் சென்டரின் எண். ஓடிபி-க்காக ஒவ்வொரு கிழவியிடமும் போனைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்களாம். சான்று நிராகரிக்கப்பட்ட குறுஞ்செய்தியும் அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. சான்றிதழைத் தரவிறக்கலாம் என்றால் அதற்கும் ஓடிபி, அதுவும் அவர்கள் போனுக்கே. போன் போட்டுக் கேட்டேன். "அந்த நம்பர் ஓனர்கிட்ட இருக்குங்க, அவரு வெளியூர்" என்று பதில் வந்தது. கூடவே, "நீங்க நவம்பர்லயே வந்திருக்கணும்" என்று உபதேசம் வேறு. பி.எப். பென்ஷனுக்கு நவம்பர் கணக்கே கிடையாது. எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

அந்த அம்மணியே, "முகத்தை வெச்சு எடுக்கற வசதி இருக்கு, உங்க போன்லயே பண்ணிடலாம்" என்றார். 2021-லேயே வந்துவிட்டதாம். அம்மாவை மறுபடி மலை இறக்காமல் நானே ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறினேன்.

இரண்டு செயலிகள் வேண்டும். ஒன்று ஜீவன் பிரமாண், இன்னொன்று ஆதார் ஃபேஸ் ஆர்டி. இந்த இரண்டாவதை நிறுவினால் போன் திரையில் அதற்கு ஐகான் எதுவும் வராது. இறங்கவில்லையோ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், உள்ளே இருந்து அது பாட்டுக்கு வேலை செய்யும். அப்புறம், பென்ஷன்காரர் முகத்தை எடுப்பதற்கு முன்பே, போன் வைத்திருப்பவர் தன் ஆதார் எண்ணைக் கொடுத்துத் தன் முகத்தைக் காட்ட வேண்டும். ஓடிபி செல்போனுக்கு மட்டுமல்ல, மின்னஞ்சலுக்கும் வரும். இதை டவர் இருக்கும் இடத்திலேயே முடித்துவிட்டு மலையேறுவது உத்தமம். நான் சேலத்திலேயே முடித்துக்கொண்டேன்.

அம்மா வீடு நாகலூர் பக்கம். வீட்டுக்குள் டவர் கிடையாது. மேட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். விவரம் கேட்கும் பக்கத்தில், மறுமணம் செய்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. வாசித்துக் காட்டினேன். "இந்த ஆயிரத்துக்கு எவன் வருவான், இல்லேன்னு போடு" என்றார் அம்மா. துறை, பி.பி.ஓ. எண் (பென்ஷன் ஆணையின் எண்), வங்கிக் கணக்கு எண், எல்லாவற்றையும் பாஸ்புக்கை வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தேன். செல்போன் எண்ணுக்கு அம்மாவின் பட்டன் போன் எண். ஓடிபி வந்ததும் அம்மா எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

அடுத்தது முகம். பனிமூட்டம் இறங்கி வெளுத்துக் கிடந்தது. கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை. பனி சற்று விலகியதும் திரையில் வட்டம் தெரிந்தது, கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அம்மாவோ ஸ்டுடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக விழித்தார். "கண்ணை மூடித் திறம்மா" என்றால் மூடினார், திறக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும். சிரித்ததும் தானாகவே இமை கொட்டியது, வட்டம் பச்சையானது. அவ்வளவுதான், பைசா செலவில்லை. "போன வருஷம் குடுத்தது என்னாச்சு சாமி, அதையே வெச்சுக்கச் சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை ஏற்கப்பட்டதற்கான செய்தி அம்மா போனுக்கே வந்தது. நிலுவையும் சேர்ந்து கணக்கில் ஏறியது. பிரமாண் ஐடி என்பது நீங்கள் அனுப்பியதற்கான சீட்டு, அவ்வளவே. ஏற்றுக்கொண்டார்களா என்று தனியாகப் பார்க்க வேண்டும். சென்டரில்தான் எடுப்பேன் என்றால், அச்செடுக்கும் முன் திரையைத் திருப்பச் சொல்லித் துறையையும் செல்போன் எண்ணையும் பாருங்கள், முறைப்பார்கள், பரவாயில்லை. ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளை பக்கத்தில் இல்லாதவர்கள் தபால்காரரைக் கேட்கலாம், வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறார்கள்.

செய்தி எஸ்டேட் லைனில் பரவிவிட்டது. இப்போது நான் மேலே போனால் மஞ்சப்பையில் பாஸ்புக்கோடு அக்காமார்கள் வந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் இழுக்கிறது. கண் ஆபரேஷன் ஆகி கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார், டாக்டர் கழற்றச் சொல்லும்வரை செயலியும் காத்திருக்க வேண்டியதுதான்.