தோளோடு ஒட்டும் கார்பைன்

நம் காவலர்கள் நெடுங்காலமாகத் தாங்கிவரும் 9 மி.மீ. ஸ்டெர்லிங் கார்பைன் என்னும் குறுந்துப்பாக்கியின் பின்கட்டையை மடக்கினால் நீளம் ஏறத்தாழ 48 செ.மீ.; தோளில் பொருத்திச் சுடுவதற்காக விரித்தால் 69 செ.மீ. பெல்ஜியத்தின் பி90 துப்பாக்கியோ, எதையும் மடக்காமல் விரிக்காமல், சுடும் நிலையிலேயே 50 செ.மீ.தான். புல்பப் கார்பைன்கள் மீது எனக்குள்ள ஈர்ப்புக்கு இந்தக் கணக்கே காரணம்.

தோட்டா வெடிக்கும் பகுதியையும் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினையும் விசைக்குப் பின்னால், கன்னம் படும் இடத்துக்கு அடியில் அமைப்பதுதான் புல்பப் முறை. மற்றத் துப்பாக்கிகளில் வெறும் கட்டையாக நிற்கும் இடம் இதில் பயன்பட்டுவிடுவதால், குழலைக் குறைக்காமலேயே மொத்த நீளம் குறைகிறது. எடையும் தோளை ஒட்டியே நிற்கிறது. விசைக்கும் சுத்தியலுக்கும் இடையே நீண்ட கம்பி ஓடுவதால் விசையின் அழுத்தம் சற்று மந்தமாக இருக்கும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

புதுச்சேரியில் எங்கள் தெருவில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் இருக்கிறார். அவர் பழகிய ஃபாமாஸ், கார்பைன் அன்று, முழு ரைஃபிள். ஆனால் அமைப்பு இதே புல்பப்தான். குடையைத் தோளில் சாய்த்து மேகசின் மாற்றும் விதத்தைக் காட்டியபோது அவருடைய இடக்கை அக்குள் வரை பின்னுக்குப் போனது. "கண்ணு முன்னாடியே இருக்கணும் தம்பி, கைதான் தேடிப் போகணும்" என்றார். இடக்கைப் பழக்கமுள்ள நான் காலித் தோட்டா எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கேட்டதற்கு, இடத்தோளில் வைத்துச் சுடுவோருக்கு அது முகத்தில் தெறிக்காமலிருக்கத் துப்பாக்கியின் உறுப்புகளைக் கழற்றி மாற்ற வேண்டும் என்றார். பி90இல் அந்தத் தொல்லையே இல்லை: 50 தோட்டாக்கள் கொண்ட மேகசின் குழலுக்கு மேலே படுத்திருக்க, குறுக்காக அடுக்கிய தோட்டாக்கள் திரும்பி உள்ளே இறங்குகின்றன, காலிக்கூடுகள் நேராகக் கீழே விழுகின்றன.

பி90இன் 5.7 மி.மீ. தோட்டா சிறியது, வேகத்தை நம்பியது. அதற்குக் குழல் நீளம் வேண்டும். 9 மி.மீ. தோட்டாவோ சுமார் 25 செ.மீ. குழலுக்குள்ளேயே தன் வேகத்தில் பெரும்பகுதியைப் பெற்றுவிடும் என்பதால், அதற்குப் புல்பப் அவசியமா என்பது எனக்குச் சந்தேகமே. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளுக்குத் தனிப் பதிவு கேட்கும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வாங்குவோருக்கு, அந்த நீளக் குழலையும் கையடக்கமாக்கித் தருவது புல்பப்தான், 9 மி.மீ. புல்பப்புகளுக்கு அங்கே கிடைக்கும் வரவேற்பில் பாதி அந்தச் சட்டத்தால் வந்தது என்றே கருதுகிறேன். அத்தகைய கட்டாயம் இல்லாத நம் புணே வடிவமைப்பாளர்கள், ஜே.வி.பி.சி. எனப்படும் 5.56×30 மி.மீ. கூட்டு முயற்சிக் கார்பைனுக்கு மேகசினைக் கைப்பிடிக்குள் செருகி, பின்கட்டையை உள்ளிழுக்கும்படி அமைத்து, புல்பப் இல்லாமலேயே நீளத்தைக் குறைத்துவிட்டார்கள்.