சொல்தா வேலைக்கு அப்புறம்

புதுச்சேரியில் எங்கள் தெருவில் 'சொல்தா வீடு', அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் வீடு, எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம் எங்களுடையது. தாத்தா படையில் இருந்தார், மாமாவும் இருந்தார். 1993-இல் நானும் கிளம்பினேன். பிரான்சில் கட்டாயப் படைச் சேவை அப்போது பத்து மாதம். முடிந்ததும் ஒப்பந்தம் போட்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

நான் இருந்தது தென் பிரான்சில் ஃப்ரேழுஸ் என்ற கடற்கரை ஊரில். குளிர், சாப்பாடு எல்லாம் பழகிப்போனது. இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அங்கே கற்ற கட்டளை முறை. முதலில் நிலைமை, பிறகு பணி, அதன் பிறகுதான் செய்யும் விதம். எதிரே யார், நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவரும் கிளம்பக்கூடாது.

15 வருடம் முடித்துப் பென்ஷனோடு வெளியே வந்து, சிறு கடைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இறங்கினேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்திருந்த ஈழத்து அண்ணன் ஒருவர், "விலையைக் குறைச்சும் சனம் வரேல்லைத் தம்பி" என்றார். இரண்டு பேரும் வாசலில் நின்று போவோர் வருவோரைப் பார்த்தோம். சனிக்கிழமை புறநகரிலிருந்து ரயிலில் வரும் குடும்பங்கள்தான் கூட்டமே. கைக்குழந்தையோடு நாலு கடை ஏற அவர்களால் முடியாது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, மீன், அரிசி எல்லாம் அவர் கடையிலேயே கிடைக்கும்படி செய்தோம். விலையில் கை வைக்கவே இல்லை. வியாபாரம் நிமிர்ந்தது.

அப்புறம் மார்க்கெட்டிங் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். பொருள், விலை, இடம், விளம்பரம் என்று 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்த நான்கையும் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நான் நிலைமையை முதலில் எழுதச் சொல்வேன். நம்மூர்ப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா காலையில் ஒரு விலை, வெயில் ஏறியதும் ஒரு விலை சொல்வதை விளக்கினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

படையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. வேலை அனுபவத்தையே பட்டமாக்கிக்கொள்ள பிரான்சில் 2002 முதல் சட்டம் இருக்கிறது. செய்த வேலையை விவரமாக எழுதிக் கொடுத்து, நடுவர் குழு முன் பேச வேண்டும். என் பட்டம் அப்படி வந்ததுதான். பயிற்சிச் சான்று, பணி மதிப்பீடு, பொறுப்புக் கடிதம் என ஒரு தாளையும் தூக்கி எறியாதீர்கள் தம்பிகளா. விண்ணப்பிக்கும்போது அத்தனையும் கேட்பார்கள்.