மஞ்சள் சட்டி

கனடாவில் எனக்கு முதல் குளிர்காலம். நவம்பர் கடைசி, ஸ்காபரோவில் மைனஸ் 8. காலையில் காரை ஸ்டார்ட் பண்ணினதும் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒன்று எரிந்தது. வாய் திறந்த சட்டி மாதிரி, நடுவில் ஆச்சரியக்குறி. இறங்கி நாலு ரயரையும் காலால் உதைத்துப் பார்த்தேன். சைக்கிள் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும்? எல்லாம் கல்லு மாதிரித்தான் இருந்தது. ஓட ஓட, பாதி வழியில் விளக்குத் தானாக அணைந்தது. அடுத்த நாள் விடியத் திரும்பவும் எரிந்தது.

மேல்வீட்டு அண்ணையிடம் கேட்டேன்.

"உது குளிருக்குத்தான். டிரைவர் கதவைத் திறந்து பாரும், எவ்வளவு காத்து வேணுமெண்டு ஒட்டியிருக்கும்."

33 பி.எஸ்.ஐ. என்றிருந்தது, காற்றழுத்தத்தை அளக்கும் அலகு அது. ரயரில் பொறித்திருக்கும் 51ஐ நான் அதுவரை சரியான அளவென்று நினைத்திருந்தேன். அது ரயர் தாங்கும் உச்சம்.

கணக்கு இவ்வளவுதான். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். ரயருக்கு 33 அடித்திருந்தது ஆகஸ்டில், 25 பாகை வெயிலில். அங்கிருந்து மைனஸ் 8 வரை 33 பாகை இறக்கம், அதற்கே 6 போய்விட்டது. ரயர் மாதத்துக்கு 1 பி.எஸ்.ஐ. எப்படியும் கசிய விடும், அதில் இன்னொரு 3. மிச்சம் 24. சொன்ன அளவில் கால்வாசி குறைந்தால் விளக்கு எரியும் என்பது அமெரிக்காவின் விதி. இங்கே ஓடும் கார்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஓடும்போது ரயர் சூடேறி அழுத்தம் கொஞ்சம் கூடும், விளக்கு அணையும். சுகமாகிவிட்டது என்று நான் நம்பியது அந்தச் சூட்டைத்தான்.

ஆகவே காற்றடிப்பதென்றால் கார் மூன்று மணித்தியாலமாவது நின்ற பிறகு, வெளியில் வைத்துத்தான். பெற்றோல் நிலையத்தில் சில்லறை போட்டதும் இயந்திரம் இரைய ஆரம்பித்தது. கையுறையோடு வால்வு மூடியைக் கழற்ற முடியவில்லை. கழற்றிய கையுறையைப் பல்லில் கவ்வியபடி குனிந்தேன். மூடி கைதவறிப் பனிக்குள் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் போட்ட காசுக்கான நேரம் முடிந்து இயந்திரம் நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் குளிர்கால ரயர் வாங்கினேன். ரயருக்குள் இருந்து காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சருக்குத் தனிக்காசு என்றார்கள், வேண்டாம் என்றேன். அதிலிருந்து ஸ்டார்ட் பண்ணினால் விளக்கு ஒரு நிமிஷம் சிமிட்டும், பிறகு எரிந்தபடியே இருக்கும். சிமிட்டினால் சென்சர் பேசவில்லை என்று அர்த்தம், காற்றுக் குறைந்தால் சிமிட்டாமல் எரியும். எனக்கென்ன, தெரிந்த விளக்குத்தானே.

பெப்ரவரியில் ஒரு நாள் ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தது. ஓரங்கட்டிப் பார்த்தால், முன் ரயரில் ஆணி. ரிம் தரையைத் தொடப் பார்த்தது. உள்ளே மஞ்சள் சட்டி வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது.