தூங்கும்போதும் காசு வருமா?

"கட்டுரை எழுதிப் போட்டா போதும், தூங்கும்போதும் காசு வரும்" என்று யாராவது யூடியூபில் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். வரும், ஆனால் மெதுவாக. வலைப்பதிவில் விளம்பரம் காட்டி அதற்குக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்குக் கிடைத்ததே 2018இல்தான்; அதற்கு முன் தமிழ் வலைப்பதிவர்கள் எழுதியது பெரும்பாலும் ஆத்ம திருப்திக்கு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பர் தபாலில் வரும், 100 டாலரைத் தொட்டால்தான் பணம் வங்கிக்கு வரும், அதுவும் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல்.

எதை எழுதுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சினிமாச் செய்தி இரண்டு நாளில் செத்துவிடும். பட்டா சிட்டாவை ஆன்லைனில் எடுப்பது எப்படி என்று மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் எனப் படிப்படியாக ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதிப் பாருங்கள், வருடக்கணக்கில் ஆட்கள் தேடி வருவார்கள். என்ன, பட்டா எடுக்கும் அந்த அரசுத் தளத்தில் ஒரு பட்டனை இடம் மாற்றிவிட்டால் போச்சு, உட்கார்ந்து எல்லாப் படத்தையும் மாற்ற வேண்டும் (இதற்குப் பெயர் உழைக்காத வருமானமாம்!).

அப்புறம், தமிழ்ப் பக்கத்தில் விளம்பரத்துக்குக் கிடைப்பது ஆங்கிலத்தைவிடக் குறைவு. அதனால் நான் விளம்பரத்தை மட்டும் நம்புவதில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி எழுதியவை சேர்ந்ததும் தொகுத்து அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போட்டுவிடுகிறேன். வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்தால் படிக்கப்படும் பக்கத்துக்கும் காசு உண்டு. ஆனால் சேர்த்த 90 நாளும் அந்தக் கட்டுரைகள் வலைப்பதிவில் இருக்கக் கூடாது, எடுத்துவிட்டுச் சேருங்கள்.