சினாப்ஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ்: ஒரே ஒரு சாய்கோடு செய்யும் சேதம்

மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை நெறிமுறைக்கான சர்வர் சினாப்ஸ். அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வெப்சர்வரை ரிவர்ஸ் பிராக்ஸியாக (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே கடத்தும் இடையாளாக) வைப்பது பத்துப் பதினைந்து வரி வேலைதான். வேறொரு வலைத்தளத்துக்கு எழுதிய கான்ஃபிக்கை எடுத்து ஒட்டும்போதுதான் வம்பு. லாகின் ஆகும், உள்ளூர் அரட்டை ஓடும், வெளி சர்வர்களோடு மட்டும் பேச்சுவார்த்தை இருக்காது.

முதலில் சினாப்ஸ் பக்கத்தை முடித்துவிடலாம். ஹோம்சர்வர்.யாம்ல் கோப்பில் லிசனர் (கோரிக்கைகளுக்குக் காத்திருக்கும் பகுதி) 8008 போர்ட்டில், டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாமல், அதே கணினியின் உள் முகவரிகளான 127.0.0.1, ::1 இரண்டிலும் மட்டும் கேட்கட்டும். டாக்கரில் ஓட்டினால் கன்டெய்னருக்குள் 0.0.0.0 என்றே இருக்க வேண்டும். வெளியே போர்ட்டைத் திறக்கும்போது 127.0.0.1:8008:8008 என்று எழுதுங்கள். வெறுமனே 8008:8008 என்று விட்டால் டாக்கர் தானாகவே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் விதிகளில்) வழி போட்டுக்கொள்ளும். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் அடைத்து வைத்தது அங்கே செல்லாது.

அதே லிசனரில் எக்ஸ்_ஃபார்வர்டட் என்பதை ட்ரூ ஆக்குங்கள், பயனரின் உண்மையான ஐபியை என்ஜின்எக்ஸ் சொல்ல சினாப்ஸ் நம்பும். இதை மறந்தால் சினாப்ஸ் கண்ணுக்கு எல்லாரும் 127.0.0.1-இலிருந்து வருகிறவர்கள்தான். லாகின் கட்டுப்பாடு ஐபி வாரியானது: இயல்பாக 5 முயற்சிகள் வரை உடனே விடும், அதன்பின் விநாடிக்கு 0.003, அதாவது ஏறக்குறைய ஐந்தரை நிமிடத்துக்கு ஒன்று. மொத்தப் பேரும் ஒரே கணக்கில் விழுவதால் ஆறாவது ஆள் கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டாலும் 429 (அளவுக்கு மீறிய முயற்சி) பிழைதான் வரும்.

இனி என்ஜின்எக்ஸ். லொகேஷனை (எந்தப் பாதைக்கு இந்த விதி என்று சொல்லும் பகுதியை) ரெஜெக்ஸாக, அதாவது எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வடிவமாக, /_மேட்ரிக்ஸ், /_சினாப்ஸ்/கிளையன்ட் இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதுங்கள். /_சினாப்ஸ்/அட்மின் வெளியே தெரியத் தேவையில்லை. கோரிக்கையை எங்கே கடத்துவது என்று சொல்லும் பிராக்ஸி_பாஸில் போர்ட் எண்ணோடு நிறுத்திவிடுங்கள். 8008-க்குப் பின்னால் ஒரு சாய்கோடுகூட வேண்டாம்.

காரணம் இது. ஒரு சர்வர் இன்னொன்றுக்கு அனுப்பும் கோரிக்கையில் முழு யூஆர்ஐயையும் (கேட்கும் முகவரிப் பாதை) சேர்த்தே கையொப்பம் இடுகிறது. அறை ஐடியின் ஆச்சரியக்குறி பெரும்பாலும் %21 என்று குறியாக்கப்பட்டு வரும். பிராக்ஸி_பாஸில் போர்ட்டுக்குப் பின் பாதை இருந்தால், என்ஜின்எக்ஸ் யூஆர்ஐயைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, திரும்பக் கட்டி அனுப்பும். அப்போது %21 மறுபடி ஆச்சரியக்குறியாகிவிடும். சினாப்ஸ் தன் கையில் கிடைத்த யூஆர்ஐயை வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்க்கும், பொருந்தாது, 401 (அனுமதி இல்லை) பிழை. ரெஜெக்ஸ் லொகேஷனில் இப்படிப் பாதை எழுதினால் என்ஜின்எக்ஸே கான்ஃபிக்கை ஏற்காது. அதனாலேயே ரெஜெக்ஸ் வடிவம் எனக்குப் பிடிக்கும். 'லொகேஷன் /' என்று எழுதி, 8008-க்குப் பின் சாய்கோடும் போட்டவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. அப்பாச்சி வெப்சர்வரில் இதே வேலைக்கு நோகேனான் உண்டு, கூடவே அலவ்என்கோடட்ஸ்லாஷஸ் நோடிகோட்.

பயனரின் ஐபியைச் சினாப்ஸுக்குச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடருக்கு $ரிமோட்_அட்ரஸ்தான் சரி (எழுதும்போது கடைசியில் அட்ர் என்று நான்கெழுத்தோடு நிற்கும்). பலரும் பழக்கத்தில் போடும் $பிராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் இங்கே ஆபத்து: அது வந்த பட்டியலின் வாலில்தான் சேர்க்கும், சினாப்ஸோ தலையில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் பொய் ஐபி சொல்லித் தப்பலாம். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ, ஹோஸ்ட் இரண்டையும் வழக்கம்போல் அனுப்புங்கள்.

கோரிக்கையின் அளவு வரம்பான கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் என்ஜின்எக்ஸில் இயல்பாக 1 எம்பி. சினாப்ஸின் பதிவேற்ற வரம்பு 50 எம்பி. செல்போனில் எடுத்த படம் 413 வாங்கித் திரும்பினால் இதுதான், இரண்டையும் ஒன்றாக்குங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான பிராக்ஸி_ரீட்_டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. சாதாரண சிங்க்குக்கு (செயலி புதுச் செய்திகளைக் கேட்டு வாங்குவது) அது போதும், பெரிய அறையில் சேரும்போதும் முதல் சிங்க்கிலும் 504 (நேரம் கடந்தது) வரலாம். 600 விநாடி வையுங்கள். அப்கிரேட் ஹெடர் பற்றி ஒரு வார்த்தை: சினாப்ஸின் சிங்க் லாங் போலிங் (கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பது), அப்கிரேட் ஹெடர் தேவைப்படும் வெப்சாக்கெட் (தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்பு) இல்லை. மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட் போன்ற அரட்டை சர்வர்களுக்குத்தான் அந்த வரிகள் தேவை.

பயனர் ஐடி உதாரணம்.காம் என்று முடிய, சர்வர் மேட்ரிக்ஸ்.உதாரணம்.காமில் இருக்கிறதென்றால், மற்ற சர்வர்களுக்கு வழிகாட்டும் .வெல்-நோன்/மேட்ரிக்ஸ்/சர்வர் கோப்பை உதாரணம்.காமில் வைத்து, எம்.சர்வர் மதிப்பாக மேட்ரிக்ஸ்.உதாரணம்.காம்:443 கொடுங்கள். 443 என்று சொல்லாவிட்டால் மற்றவர்கள் 8448-ஐத் தட்டுவார்கள். சான்றிதழ் மேட்ரிக்ஸ்.உதாரணம்.காம் பெயருக்கு இருக்க வேண்டும். தப்பாக எழுதிவிட்டுத் திருத்தினால் உடனே சரியாகாது. மற்ற சர்வர்கள் பழைய பதிலை வழக்கமாக 24 மணி நேரம்வரை கேஷில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் கான்ஃபிக்கை மேலும் குடையாதீர்கள்.

அதே இடத்தில் கிளையன்ட் என்ற கோப்புக்கு ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடர் (வேறு தளத்திலிருந்து பிரவுசர் படிக்க அனுமதி) நட்சத்திரக்குறியோடு தேவை. /_மேட்ரிக்ஸ் பகுதியில் இதைச் சேர்க்கவே கூடாது. சினாப்ஸே அனுப்புகிறது, இரட்டையாகப் போனால் பிரவுசர் மறுத்துவிடும், செல்போன் செயலி மட்டும் ஒன்றும் நடக்காதது போல் ஓடும்.

கான்ஃபிக்கைச் சோதிக்கும் 'என்ஜின்எக்ஸ் -டி' போட்டுப் பார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். ஃபெடோரா, ஆர்எச்இஎல் வகைகளில் 502 வந்து, லாகில் 'பர்மிஷன் டினைட்' இருந்தால் லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான செலினக்ஸ் தடுக்கிறது: செட்எஸ்இபூல் -பி கொடுத்து எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்பதை 1 ஆக்குங்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று [::1] முகவரியோடு இருந்தால் சினாப்ஸ் ஐபிவி6-இல் கேட்கவில்லை. பிராக்ஸி_பாஸில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 127.0.0.1 என்றே எழுதிவிடுங்கள்.